நூல் பிடித்து வரைந்த ஊர்

உப்பங்குறிச்சியில் கீழத்தெருக்காரன் தும்மினால் மேலத்தெருக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதெப்படி என்று அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் வாயைப் பிளக்க மாட்டார்கள், "சமுதாயக் கூடத்துச் சுவரு அப்படி" என்று சொல்லிவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். உப்பளத்து வெயிலில் நாளெல்லாம் வெள்ளையையே பார்த்துக் கண்ணவிந்து கிடக்கிற சனத்துக்கு ஆச்சரியப்பட ஏது நேரம்? ஆனால் அந்தச் சுவரில் படம் வரைந்த உலகம்மாளுக்கு அந்தக் காலம் முழுக்க வயிற்றில் நெருப்பு எரிந்தது, ஏனென்றால் அவள் பெற்ற ஒற்றைப் பிள்ளை அந்தச் சுவரில் போய் மாட்டிக்கொண்டாள்.

உலகம்மாள் தென்காசிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஓவியம் படித்துப் பட்டயம் வாங்கியவள். கடைப் பலகையோ, பள்ளிக்கூடத்துச் சுவரோ, கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தட்டியோ, எதைக் கொடுத்தாலும் வரைவாள், ஆனால் பாட்டு ஓடினால்தான் அவளுக்குக் கை ஓடும். அவள் புருசன் சிவனணைந்தான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், பெண் பார்க்க வந்த அன்றைக்கே "நான் பாட்டுப் போடுதேன், நீ வரை, வேற சீரு செனத்தி ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்ன மனுசன். நாகசுரக் கேசட்டை அவன் தட்டிவிட்டால் போதும், வாசிக்கிறவர் மூச்சு எங்கே இழுக்கிறதோ அங்கே இவள் தூரிகை இழுக்கும், அவர் தயங்குகிற இடத்தில் இதுவும் தயங்கும், தவில் இறங்கினால் பொட்டுப் பொட்டாய்ச் சுவரில் சனம் இறங்கும்.

இப்பேர்ப்பட்டவளைத்தான், புதிதாய்க் கட்டிய சமுதாயக் கூடத்தின் உள்சுவரில் ஊர்ப்படம் வரையக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் யார் தெரியுமா? கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் குழாயின் வாய் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்பதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிற சனம். முதுகோடு முதுகாக இரண்டு குழாய் கட்டுவது அந்த ஊர் வழக்கம், ஒன்று கொஞ்சம் கூடுதலாய்க் கத்திவிட்டால் அதற்கும் பஞ்சாயத்து.

உலகம்மாள் வீட்டில் பாட்டைப் போட்டு, காகிதத்தில் ஒரு படம் போட்டுக்கொண்டு போனாள். அதில் ஊர்ச் சனமெல்லாம் ஒரு ஓரமாய் நெருக்கியடித்து உப்பளத்துக்கு நடந்துகொண்டிருந்தது, மற்ற பக்கம் முழுக்க உப்பும் வானமும். கமிட்டித் தலைவர் பலவேசம் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வெத்தெடம் எந்தத் தெருவு?"

"எந்தத் தெருவும் இல்ல அண்ணாச்சி. வெத்தெடம் வெத்தெடம்தான்."

"அதெப்படி? வடக்க பாத்து நின்னா வலது கைப்பக்கம் கீழத்தெரு. அப்ப எங்க தெருவு காலியாக்கும்?"

"ஆளெல்லாம் எங்க தெருவு மேல ஏறி நிக்காவளே, அது மட்டும் நல்லாருக்கா?" என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர்.

"சந்தையில கருப்பட்டி நிறுக்கிற கோலைப் பாத்திருப்பீயளே," என்று உலகம்மாள் பொறுமையாய்ச் சொன்னாள், "கருப்பட்டிச் சிப்பம் கனமாக் கைக்கிட்ட தொங்கும், சின்னக் குண்டு தூரத்துல கெடக்கும். கோல் சாயுதா? படமும் அப்படித்தான் அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தாத்தான் நிக்கும்னு இல்ல."

"எங்களுக்கு அந்தக் கோலெல்லாம் வேண்டாம். தட்டுத் தராசு போதும். இந்தப் பக்கம் ஒரு தலைன்னா அந்தப் பக்கம் ஒரு தலை, இந்தப் பக்கம் ஒரு பனைன்னா அந்தப் பக்கம் ஒரு பனை. வரையும்போது மைக் செட்டெல்லாம் வச்சிராத, குழாய் எந்தப் பக்கம் பாக்குன்னு அதுக்கு வேற ஒரு சண்டை."

சரி, வயிற்றுப்பாடு. உலகம்மாள் சுவரின் நட்டநடுவில் கல் கட்டி ஒரு நூலைத் தொங்கவிட்டாள். நூலுக்கு இந்தப் பக்கம் மேலத்தெரு, அந்தப் பக்கம் கீழத்தெரு. பாட்டில்லாமல், காதில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்க, இந்தப் பக்கம் ஒரு முகம் வரைந்து, நூலிலிருந்து அளந்து, அந்தப் பக்கம் அதே உயரத்தில், அதே சாய்வில் ஒரு முகம் வரைந்தாள். கை மரத்துப்போனதுபோல் இருந்தது அவளுக்கு. முன்வரிசையில் பிள்ளைகளை நிறுத்தியபோது கீழத்தெருவில் ஒரு பிள்ளை குறைந்தது, உலகம்மாளின் மகள் முத்துநகைக்கு எதிரே ஆளில்லை. ஒரு ஆட்டுக்குட்டியை வரைந்துவிடலாமா என்று கேட்டாள்.

"அவுக பக்கம் புள்ள, எங்க பக்கம் ஆடா?" பலவேசத்துக்கு மீசை துடித்தது. "ஏன், செல்லக்கனி மகன் எங்க தெருப் புள்ள இல்லியா? அவனப் போடு."

செல்லக்கனியின் மகன் நயினார் போன கோடையில்தான் உப்புத்தண்ணீர்க் கிணற்றில் விழுந்து செத்திருந்தான். செத்த பிள்ளையையா, என் பிள்ளைக்கு எதிரேயா என்று வாய்வரை வந்ததை, கூடத்து வாசலில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்லக்கனியின் முகத்தைப் பார்த்ததும் உலகம்மாள் விழுங்கிவிட்டாள். புருசன் லாரியோடு போனவன் திரும்பாமல், இருந்த ஒரு பிள்ளையும் போய், ஒற்றையாய் உப்பு வாருகிறவள் அவள். "போட்டோ கூட இல்ல மதினி, மூஞ்சி எனக்கே மறந்துட்டு வருது," என்றாள். அதற்கு மேல் எப்படி மாட்டேன் என்பது? கையில் காற்றாடி பிடித்துச் சிரிக்கிற முத்துநகைக்கு எதிரே, நூலிலிருந்து அதே தூரத்தில், கையில் காற்றாடி பிடித்துச் சிரிக்கிற நயினாரை, அவன் அம்மா சொல்லச் சொல்ல உலகம்மாள் வரைந்தாள்.

படத்தைத் திறந்துவைத்த மறுநாள் கீழத்தெரு இசக்கியப்பனுக்குக் கடைவாய்ப் பல் வலிக்க, மேலத்தெரு வெள்ளத்தாய்க்குக் கன்னம் வீங்கியது. முதலில் திறப்பு விழாப் பாயசத்தின் மேல் பழியைப் போட்டார்கள், அப்புறம் அம்மனின் மேல் போட்டார்கள், அப்புறம் யாரோ கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு பேரும் நூல் தொங்கிய இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உயரத்தில் நிற்பதைச் சொன்னார்கள். "அப்படியா சங்கதி" என்றது ஊர். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஆளாளுக்குப் போய்த் தங்கள் எதிராள் யாரென்று பார்த்துவிட்டு வந்து, அதற்குத் தக்கபடி சோலியை மாற்றிக்கொண்டார்கள்.

குடிகாரச் சங்கரபாண்டிக்கு எதிராள் கோயில் பூசாரி. பூசாரி கற்பூரத் தட்டோடு தள்ளாடத் தொடங்கியதும் இளவட்டங்கள் கடைக்கு ஓடி, சங்கரபாண்டியைக் குண்டுக்கட்டாய்த் தூக்கி வந்து மோரைப் புகட்டினார்கள். கீழத்தெருவில் ஒருத்திக்குப் பிள்ளைவலி எடுத்தபோது அவள் எதிராளான மேலத்தெருக் கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி மணலில் உருண்டு "எம்மா எம்மா" என்று கத்தினார், இரண்டு தெருப் பெண்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, முக்கு அண்ணே முக்கு என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த ஊரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. பலவேசத்துக்குச் சர்க்கரை வியாதி, அவர் எதிராள் பேச்சியம்மாள் கல்யாண வீடுகளில் லட்டைத் தொட்டுவிடாதபடி பக்கத்தில் ஆள் நிறுத்தினார். இப்படியாக, ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்காத தெருக்காரர்கள் காலையில் எழுந்ததும் எதிர்த்தெருவுக்குப் போய், ராத்திரி நல்லாத் தூங்கினியளா, வயித்துக்கு ஒண்ணுமில்லையே என்று விசாரிக்கிற காலம் வந்தது. மண்டை உடையவில்லை. ஒருத்தன் மண்டையை உடைத்தால் தன் தெருக்காரன் மண்டையும் அல்லவா சேர்ந்து உடையும்!

இந்தக் கொண்டாட்டத்தில் முத்துநகை பாதியாகிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

முதலில் சாப்பாடு பாதியானது, அதைப் பெற்றவள்கூடப் பிள்ளைச் சேட்டை என்றுதான் நினைத்தாள். பிறகு உச்சி வெயிலில் விளையாடிவிட்டு வந்தாலும் பிள்ளைக்கு வேர்க்கவில்லை. காலையில் எழுப்பினால் தலைமுடி நனைந்திருந்தது, உதட்டில் உப்புப் பொரிந்திருந்தது. கூப்பிட்டால் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் திரும்பினாள், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறவள்போலத் தலையை மேலே தூக்கிப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கம்மி என்று சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். சிவனணைந்தான் மகளை மடியில் போட்டுக்கொண்டு உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்துச் சூடு ஏற்றப் பார்த்தான், காலில் அவன் கைச்சூடு நிற்கவில்லை.

அதே நாட்களில் கீழத்தெருவில் செல்லக்கனி இரண்டு தட்டில் சோறு போட்டாள். ஒரு தட்டில் பாதிச் சோறு குறைந்தது. தரையில் ஈரக்கால் தடம், சின்னதாய், அடுப்படிக்கும் வாசலுக்குமாக. அக்கம்பக்கத்தார் யாரும் பதறவில்லை. "மகன் எப்படி இருக்கான்?" என்று தண்ணீர்க்குழாயில் விசாரிப்பார்கள், "இருக்கான், பாதி இருக்கான்" என்று அவளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.

உலகம்மாள் அவள் வீட்டுக்குப் போனாள். பாயில் செல்லக்கனி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள், தனக்கல்ல, பக்கத்தில் காலியாய்க் கிடந்த இடத்துக்கு.

"செல்லக்கனி, எம் புள்ள செத்துக்கிட்டிருக்கா."

"பாதிதான மதினி." விசிறி நிற்கவில்லை. "உம் புள்ள பாதி, எம் புள்ள பாதி. நான் ஒண்ணும் முழுசாக் கேக்கலியே. எனக்கு முழுசும் போச்சு, அப்ப யாரும் வந்து பாதி தரலியே."

"பாதியோட நிக்காதும்மா. அவ நாளுக்கு நாள் தேயுதா. தொட்டுப் பாரு வந்து, ஐஸ்கட்டி மாதிரி கெடக்கா."

"இவனும்தான் சில்லுன்னு கெடக்கான்." செல்லக்கனியின் குரல் உடைந்தது. "ஆனா கெடக்கானே! கை வச்சா இருக்கானே மதினி! நீயும் ஒரு தாயி, நீ வரைஞ்சு குடுத்ததை நீயே அழிப்பியா?"

உலகம்மாளுக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் எழுந்து வந்து, பலவேசத்தின் வாசலில் போய் விழுந்தாள். கமிட்டி கூடியது. படத்தில் முத்துநகையை மட்டும் அழித்துவிடலாமா என்று ஒருவர் கேட்க, அழித்தால் பிள்ளையே அழிந்துவிட்டால் என்ன செய்வாய் என்று இன்னொருவர் கேட்க, பையனை அழித்தால் செல்லக்கனியின் சாபத்தை யார் வாங்குவது என்று மூன்றாமவர் கேட்டார். கடைசியில் பலவேசம் தொண்டையைச் செருமினார்.

"அம்மா உலகு, மனசைக் கல்லாக்கிக்க. ஒரு தலையத் தொட்டா நூலு கெட்டுப்போகும், நூலு கெட்டா ஊரு பழையபடி ரெண்டாப் போகும். போன வருசம் இந்நேரம் எத்தன பேரு ஆஸ்பத்திரியில கெடந்தாவன்னு தெரியும்ல? ஒரு புள்ளைக்காக ஊரப் பிரிக்கச் சொல்லுதியா?"

"அந்த ஒரு புள்ள ஒங்க வீட்டுப் புள்ளையா இருந்தா இந்தப் பேச்சு வருமா அண்ணாச்சி?"

பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டார். கூடியிருந்த இரண்டு தெருக்காரர்களும் அவர் சொன்னதே சரி என்றார்கள். இரண்டு தெருவும் ஒரே குரலில் பேசியது அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை, அது தன் பிள்ளைக்கு எதிராகத்தானா என்று உலகம்மாள் மண்ணை வாரித் தூற்றாத குறையாக வீடு வந்தாள்.

மறுநாள் முத்துநகைக்குக் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் நூல்போல ஓடியது. உலகம்மாள் யாரையும் கேட்கவில்லை. ஊர் முழுக்க உப்பளத்தில் இருக்கிற மத்தியான நேரம், ஒரு வாளிச் சுண்ணாம்பையும் வர்ண டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சிவனணைந்தான் பின்னால் வந்தான்.

நயினாரின் முகத்துக்கு நேரே, சுண்ணாம்பில் தோய்த்த மட்டையை ஓங்கினாள். பையன் சிரித்தான். அவள் வரைந்த சிரிப்புத்தான். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கை எழும்பவில்லை. இந்தப் பக்கம் தன் மகளைப் பார்த்தாள், அந்தப் பக்கம் அவனைப் பார்த்தாள், இரண்டு காற்றாடி, இரண்டு சிரிப்பு, ஒன்றை அழிக்க ஒரு தாய்க்குக் கை வருமா? "என்னால முடியல," என்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சிவனணைந்தான் மகளைப் பாயில் கிடத்தினான். வெளியே போய் வண்டியிலிருந்து ஆம்ப்ளிபயரையும் ஒற்றைக் குழாயையும் இறக்கி வந்து, குழாயின் வாயைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். "அழிக்க வேண்டாம் பிள்ள. நீ வரை," என்று சொல்லிக் கேசட்டைத் தட்டினான்.

நாகசுரம் மெல்ல எழுந்தது. எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போகிற ஆலாபனை அது, ஒரு தடவை போன வழியில் மறு தடவை வராமல், இடப்பக்கம் நீளமாய் இழுத்துவிட்டு வலப்பக்கம் ஒரே ஒரு சின்ன அசைவில் அதை ஈடுகட்டி, சாய்ந்துவிடும் சாய்ந்துவிடும் என்று பயமுறுத்திச் சாயாமலே நடந்தது. உலகம்மாள் எழுந்தாள். தூரிகை நடு நூலின் தடத்தை முதலில் கடந்தது. கீழத்தெருக்காரர்களை ஒவ்வொருவராய் அள்ளிக்கொண்டு வந்து மேலத்தெருக்காரர்களுக்கு இடையில் சொருகியது, பலவேசத்தின் தோளில் பேச்சியம்மாளின் கூடை இடித்தது, பூசாரியின் முதுகுக்குப் பின்னால் சங்கரபாண்டி மறைந்தான். தவில் இறங்க இறங்க எல்லாரும் ஒரே ஓரத்தில் குவிந்தார்கள், அந்தக் கூட்டத்துக்குள்ளே, வெள்ளத்தாயின் சேலையைப் பிடித்தபடி, முத்துநகையை அவள் கொண்டுபோய் மறைத்து வைத்தாள். உப்பளத்தில் அந்நேரம் வாரிக்கொண்டிருந்தவர்கள் இடுப்பில் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல இரண்டு எட்டு நகர்ந்து, நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி வாரத் தொடங்கினார்கள்.

நயினார் மட்டும் அந்தப் பக்கம் நின்றான். உலகம்மாள் அவனை அழிக்கவில்லை. இன்னும் தூரத்தில், சுவர் முடிகிற இடத்தில், சின்னதாய், கையில் காற்றாடியோடு நிறுத்தினாள். இடையில் வெறும் வெள்ளை. இத்தனை சனத்தின் கனத்துக்கும் அவன் ஒருத்தன் சரியாக இருந்தான்.

பாயில் முத்துநகை இருமினாள். வாயிலிருந்து உப்புத்தண்ணீர் வழிந்தது. "எம்மா, பசிக்கி," என்றாள். சிவனணைந்தான் ஓவென்று அழுதுவிட்டான்.

அப்போதுதான் செல்லக்கனி ஓடி வந்தாள். அளத்தில் நின்றவளுக்கு வீட்டில் தட்டு உருண்ட சத்தம் கேட்டதாம். போய்ப் பார்த்தால் பாய் காய்ந்திருந்தது, தடம் ஒன்றுகூட இல்லை. சுவரைப் பார்த்தாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் இந்தப் பக்கம்," என்றாள். "எம் புள்ள மட்டும் தனியா."

செல்லக்கனி சுவரின் கோடிக்குப் போய் மகன் பக்கத்தில் நின்றாள்.

"சரி. என்னையும் அவன் பக்கத்துல வரைஞ்சு விட்ரு."

"அது என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கியா?"

"தெரிஞ்சுதான் கேக்கேன். நல்லா இரு தாயி, ரெண்டு இழுப்புதான ஒனக்கு."

"மாட்டேன்," என்றாள் உலகம்மாள். "என்ன வேணும்னாலும் வையி, மண்ண வாரித் தூத்து. ஒன்னையும் அந்தப் பக்கம் அனுப்புனவளா நான் இருக்க மாட்டேன்." சொல்லிவிட்டாளே தவிர, அப்படியே விடவும் மனசு கேட்கவில்லை. கூட்டத்தின் கடைசி ஆளாக, வெள்ளை தொடங்குகிற விளிம்பில் செல்லக்கனியை வரைந்தாள். கேசட் முடியப் போகிற நேரம், நாகசுரம் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது, அந்த ஒரே மூச்சில், செல்லக்கனியின் முகத்தை மகன் பக்கம் திருப்பி வரைந்து முடித்தாள்.

ஊர் இரண்டு நாள் கோபித்துக்கொண்டது. பல்வலி அவரவருக்கே சொந்தமாகிவிட்டது, பேச்சியம்மாள் நிம்மதியாய் லட்டுத் தின்றாள், சங்கரபாண்டி குடித்துவிட்டுத் தனியாய்த் தள்ளாடினான். காலையில் போய் விசாரிக்கிற வழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்தது. ஆனால் சுவரில் எந்தத் தெருக்காரன் எங்கே நிற்கிறான் என்று பிரிக்க முடியாததால் சண்டை பிடிக்கவும் பழைய ருசி இல்லை. கல்யாண போட்டோவுக்கு நிற்கும்போது எல்லாரும் ஒரு ஓரமாய் நெருக்கி நின்று மற்ற பக்கத்தைக் காலியாய் விட்டார்கள், வெளியூர் போட்டோக்காரர் நடுவே வரச் சொன்னால், எங்க ஊர்ல இப்படித்தான் என்றார்கள்.

முத்துநகை தேறினாள், ஓடினாள், வேர்த்தாள். உலகம்மாள் அவள் கழுத்தின் வியர்வையை முந்தானையால் துடைத்துவிடும்போதெல்லாம் கீழத்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள், ஏனென்றால் நூல் கணக்கெல்லாம் போன பிறகும் சுவர் செல்லக்கனியை மட்டும் விடவில்லை. அவள் கழுத்து, சுவரில் மகன் நிற்கிற கீழ்த்திசைப் பக்கம் திரும்பியது திரும்பியபடியே நின்றுவிட்டது. உப்பு வாரும்போதும், தண்ணீர் பிடிக்கும்போதும், முகம் அந்தப் பக்கம்தான். தடுமாறி நடக்கிறவளைப் பார்த்துப் பார்த்துத் தாங்காமல், ஒருநாள் உலகம்மாள் வழியை மறித்தாள்.

"செல்லக்கனி, ஒரு நிமிசம் கூடத்துக்கு வா. கழுத்த நேரா வரைஞ்சு விடுதேன். அவர் பாட்டுப் போடுவாரு, வலிக்காது."

செல்லக்கனி நின்றாள். முகம் அங்கேயே இருந்தது, குரல் மட்டும் இந்தப் பக்கம் வந்தது.

"வேண்டாம் மதினி. நான் திரும்பிட்டா அவன யாரு பாப்பா?"